பாங்குக்கு மூடாத கடை

செப்டெம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. நான் குசினியில் தேநீருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகள் சாப்பாட்டு மேசையில், சுவர் மணிக்கூட்டுக்கு நேரெதிரே, கைத்தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டபோது அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே விட்ட சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய முகத்தில் தொலைபேசியின் வெளிச்சம் சிவப்பாக விழுந்திருந்தது. "என்ன மகள்?" என்றேன். "ஒண்டுமில்ல உம்மா" என்றாள். அந்த நேரம் அமெரிக்காவில் எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கை வெளியாகியிருந்தது. எல்லோரும் நினைத்திருந்ததைவிட நல்ல எண்ணிக்கை. அதனால் டொலர் எழும்பியது, யூரோ விழுந்தது. யூரோ ஏறும் என்று நம்பி வாங்கி வைத்திருந்தவர்களில் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஒரு சாப்பாட்டு மேசையில் இருந்த என் மகளும் ஒருத்தி. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது பால் பொங்கி வழிந்தது மட்டும்தான்.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். இவர், அதாவது என் கணவர், தோஹாவில் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் போய்ப் பதினொரு வருடம். எங்களுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசுவதென்றால் முதலில் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவர்கள். அதற்காகத்தான் எங்கள் ஊர் வாப்பாமாரில் பாதிப்பேர் கடல் கடந்து போகிறார்கள். மகளுக்கு வீடு எழும்புகிற காலம் முழுவதும் அவர்கள் அந்த வீட்டில் இருப்பதில்லை. எங்கள் வளவின் பின்பக்கத்தில் மகளுக்கான வீடு தூண்களோடும் சுவர்களோடும் நின்றுவிட்டது. தூண்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. கூரைக்கு அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். சேரச் சேரச் சீமெந்தின் விலையும் கம்பியின் விலையும் ஏறிக்கொண்டே போயின. ஒருநாள் துணி காயப்போடும்போது மகள் சொன்னாள், "அந்த வீட்டப் பாக்கக்குள்ள எனக்கு வாப்பாதான் தெரியிறார் உம்மா. எனக்காகத்தானே அவர் அங்க கிடக்கார்." நான் ஏதோ சமாதானம் சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அவள் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மாதங்களில்தான் உலகச் சந்தை வியாபாரத்தைப் படிக்கத் தொடங்கினாள். இணையத்தில் இலவச வகுப்பு. காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். முதலில் பொய்க் காசில்தான் பழகினாள். டெமோ என்பார்கள், இலாபமும் பொய், நட்டமும் பொய். மாதக்கணக்கில் அதிலேயே இருந்தாள், ஒரு சதம்கூட உண்மையில் போடாமல். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. திரையில் பச்சையும் சிவப்புமாக நிரை நிரையாக நிற்பவற்றை மெழுகுதிரி என்றாள். "ஒரு திரி ஒரு மணித்தியாலம் உம்மா. எங்க தொடங்கி எங்க முடிஞ்ச, இடையில எவ்வளவு மேல போன, எவ்வளவு கீழ போன, எல்லாம் அதுக்குள்ள இரிக்கி." எனக்கு அதைவிட, எந்தச் சந்தை எப்போது திறக்கிறது என்பதுதான் பிடித்துப்போயிற்று. உலகப் படத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நெட்டாங்கு கோடுகளை இருபது வருடங்களாகக் கரும்பலகையில் கீறி வருகிறவள் நான். எங்கள் வீட்டில் அந்தக் கோடுகள் தொழுகை நேரங்களாக மாறின. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் டோக்கியோ திறக்கும். நண்பகல் லுஹரோடு லண்டன். அந்தி மஃரிபை ஒட்டி நியூயோர்க் விழித்துக்கொள்ளும். நான் வகுப்பில் நேரவலயம் படிப்பிக்கும்போது இந்த மூன்று நகரங்களையும் உதாரணம் காட்டினேன். பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் அதைச் சொன்னபோது, "அப்ப எனக்கு டியூஷன் காசு தாங்க" என்று கையை நீட்டினாள்.

பக்கத்து வீடு என் கூடப்பிறந்த ராத்தாவுடையது. உம்மா எங்களிருவருக்கும் ஒரே வளவைப் பிரித்துக் கொடுத்ததால் எங்களுக்கு நடுவில் வேலி இல்லை, இரகசியமும் இல்லை. ஒருநாள் கறிவேப்பிலை பறிக்க வந்தவர் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஃபோனப் பாத்துச் சிரிக்காள், மறுகா மூஞ்ச சுளிக்காள். ஆரோ ஒருத்தன் அம்பிட்டிட்டான் போல."

"யூரோ ராத்தா" என்றேன்.

"ஆர் அவன்? எந்த ஊர்?"

"ஐரோப்பா காசு."

ராத்தா யோசித்தார். "நல்ல மாப்பிள்ளதான். வீடு கேக்க மாட்டான். முடிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையோடு போனார். மகள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கடைசியாக எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதுதான்.

அவள் எதையும் மேலோட்டமாகப் படிக்கவில்லை. அமெரிக்கக் கம்பனிப் பங்குகளைச் சில வாரம் பார்த்தாள். பிறகு வரப்போகிற மாதத்துக்கு இன்றே விலை பேசுகிற எதிர்கால ஒப்பந்தங்களைப் பற்றிப் படித்தாள். அது எனக்கு விளங்காது என்று நினைத்து மெல்ல மெல்ல விளக்கினாள். எனக்கு உடனே விளங்கியது. சவளக்கடைப் பக்கம் என் வாப்பாவுக்கு வயல் இருந்தது. பயிர் பச்சையாக நிற்கும்போதே ஆலைக்காரர் வரம்பில் வந்து நின்று மூடைக்கு விலை பேசிவிட்டுப் போவார். அறுவடையில் விலை ஏறினால் வாப்பா வாயை மூடிக்கொண்டிருப்பார், இறங்கினால் ஆலைக்காரர் மூடிக்கொண்டிருப்பார். "அதேதான் உம்மா! அத நீங்களும் செய்யலாம் போல" என்றாள் மகள். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யூரோவையும் டொலரையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒன்றைத் தெளிவாகப் பார்த்தால் போதும் என்றாள்.

உண்மையான காசு போட வேண்டிய நேரம் வந்தபோது எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. வட்டி இருக்கிறதா? வாங்கியதை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தால் இரவுக்கு இரவு வட்டி சேரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். மகள் அதையும் விசாரித்து வைத்திருந்தாள். முஸ்லிம்களுக்கென்றே வட்டியில்லாத கணக்கு இருக்கிறதாம். எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஒன்றும் சேராது. அதைக் கேட்டபின்தான் என் மனம் ஆறியது. கூரைக்கென்று வைத்திருந்ததில் ஒரு சிறு பங்கைப் போட்டாள். இவரிடமும் கேட்டோம். "நீ படிச்ச புள்ள. பாத்துச் செய்" என்றார். வட்டியில்லை என்பதற்காக அன்று நான் அவ்வளவு நிம்மதியடைந்தேன். இரவுக்கு இரவு ஏறும் அந்த வட்டி, நட்டத்தை மூடாமல் வைத்திருக்கும் மற்றவர்களைக் கதவைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எங்களை எழுப்ப யாருமில்லை.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளே கண்டுபிடித்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் கையில் உள்ள வியாபாரத்தை மூடிவிடுவாள். இலாபமென்றால் இலாபம், நட்டமென்றால் நட்டம். மூடிவிட்டுத் தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவ, வுழூச் செய்யப் போய்விடுவாள். "நம்மட பசார்ல பாங்கு சொன்னாக் கதவ இழுத்துப் போட்டுட்டுத்தானே பள்ளிக்குப் போறாங்க? கடயத் திறந்து வெச்சிட்டுத் தொழுதா மனம் கடயிலதான் நிக்கும். எனக்கும் அப்பிடித்தான்" என்றாள். அந்த முறைதான் அவளைக் காத்தது என்று நினைக்கிறேன். வகுப்பில் அவளோடு சேர்ந்து படித்த பலர் ஒரு நட்டத்தைப் பிடித்துத் தொங்கி எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். இவளை ஒரு நாளைக்குப் பல தடவை பாங்கு வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடும். நட்டங்கள் சிறிதாகவே இருந்தன. சில மாதங்களில் வந்த இலாபத்தை எடுத்துக் கூரைக்குப் பலகையும் முட்டுக்கம்பும் இறக்கினோம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பலகைகளின் படத்தை மகள் வாப்பாவுக்கு அனுப்பினாள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் அழைப்பெடுத்தார். எப்போதும்போல் சுகம் விசாரித்தார், மழை பெய்ததா என்று கேட்டார். பின்னால் அவருடைய அறையில் மற்றவர்களின் சத்தம் கேட்டது. "அப்ப நான் வரலாமா?" என்றார். பதினொரு வருடத்தில் அவர் அந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. லீவில் வந்து போவார். திரும்பிப் போகும் நாளில் வாசலில் செருப்பைத் தேடுவது போல் குனிந்தே நிற்பார். அவ்வளவுதான். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "வாங்க வாப்பா. போதும். வாங்க" என்றாள். அடுத்த கிழமை அவர் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். நவம்பரில் விசா முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருவது என்று முடிவானது.

அன்றிலிருந்து மகள் மாறிப்போனாள். நவம்பருக்குள் கூரை முடிய வேண்டும், அதற்குப் பிறகும் மாதாமாதம் வீட்டுச் செலவுக்குக் காசு வர வேண்டும் என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டாள். கூரைக்கு மிஞ்சியிருந்த முழுவதையும் கணக்கில் போட்டாள். வாப்பா வருவதற்குள் என்று அவள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்தச் சந்தையில் கையிலிருப்பதைப் போல் பல மடங்கு பெறுமதிக்கு வாங்க விடுவார்கள். ஏறினால் பல மடங்கு, இறங்கினாலும் பல மடங்கு. முன்பெல்லாம் அவள் அதில் துளியளவுதான் தொடுவாள். இப்போது எவ்வளவு தொடுகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பிடும்போது பேசுவது குறைந்தது. ராத்தா வந்து ஏதாவது சொன்னால் சிரிப்பு வந்துசேரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஆறு மணிக்கு எண்ணிக்கை வந்தது. அதற்கு முன்பே அவள் விலகியிருக்க வேண்டும். பெரிய செய்தி வரும் நேரம் சந்தையில் நிற்காதே என்பது அவளே எனக்குச் சொன்ன பாடம். நின்றுவிட்டாள். ஆனாலும் அவளுக்கு ஒரு காவல் இருந்தது. நட்டம் இவ்வளவுக்கு மேல் போனால் தானாகவே மூடிவிடு என்று முன்கூட்டியே போட்டு வைக்கிற எல்லை. ஸ்டொப் என்பார்கள். விலை விழுந்து விழுந்து அந்த எல்லைக்குக் கிட்ட வந்து நின்றது. அப்போது மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பள்ளிவாசல்களின் பாங்கும் கேட்கும், ஒன்றன் வாலைப் பிடித்தபடி மற்றது. நான் அடுப்பைத் துடைத்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் எழும்பியிருந்தாள். கட்டைவிரல் திரையில் ஓரிடத்தை அழுத்தியது, ஒரு கணம் நின்றது, மறுபடி அழுத்தியது. கடையை மூடுகிறாள் என்று நினைத்தேன். அவள் செய்தது அந்த எல்லையை எடுத்துவிட்டது. தொழும்போது அது தன்னை வெளியே தள்ளிவிடக் கூடாது என்று. தொலைபேசியை வழமைபோல் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வுழூச் செய்ய வந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதோம். நான் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது அவள் இன்னும் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் இருந்தாள். பிள்ளைக்கு ஈமான் கூடிவிட்டது என்று நினைத்து மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

எழும்பி வந்து தொலைபேசியைப் பார்த்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றே மூடியிருந்தால் கூரையின் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்கு நடந்ததைச் சொன்னாள், எல்லையை எடுத்ததைத் தவிர. "திரும்பி வரும் உம்மா. ஏறாமப் போகாது. வட்டி இல்லத்தானே, வெச்சிட்டுப் பாத்திட்டு இரிக்கலாம்." நான் அவளுடைய தலையைத் தடவி, "சபுர் செய் மகள்" என்றேன். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். நோயிலும் மரணத்திலும் எங்களைத் தாங்கிய சொல். பிள்ளைக்கு இரண்டு வயதில் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, பிறகு அகதி முகாமில் இருந்த நாட்களில் எனக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நம் கையில் இல்லாததைப் பொறுத்துக்கொள்வதுதான் சபுர். இது எங்கள் கையில் இருந்தது. ஒரு விரலை வைத்தால் மூடிவிடலாம். மூடப் பயந்து இருந்த இருப்புக்கு நாங்கள் அந்தப் பெயரை வைத்தோம். கிழமைகள் போயின. யூரோ கொஞ்சம் ஏறும், அவள் சோறு கேட்பாள். இறங்கும், பசியில்லை என்பாள். பாங்கு கேட்டால் தொலைபேசியைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வருவாள். ஆனால் கடை திறந்தே கிடந்தது. ஒருநாள் தொழுகைப் பாயை மடிக்கும்போது கேட்டாள், "அண்டைக்குத் தொழுகையில நான் யூரோவத்தான் கேட்டன் உம்மா. அல்லாஹ் மன்னிப்பானா?" அப்போதுதான் அந்த எல்லையைப் பற்றியும் சொன்னாள். பாயை அவள் கையிலிருந்து வாங்கி நான் மடித்தேன்.

ஒக்டோபரில் ஒருநாள் கடைசிப் பாடவேளை. பருவக்காற்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது பாடசாலைக் கேற்றடியில் மகள் நின்றாள். காவலாளி உள்ளே வரச் சொல்கிறார், அவள் அசையாமல் நிற்கிறாள். சோக்கட்டியை மேசையில் வைத்ததும் படியிறங்கியதும் எனக்குத் தெரியாது. கிட்டப் போனபோது அவளுடைய செருப்பு இரண்டும் வேறு வேறு சோடி என்று கண்டேன்.

"நான் மூடல்ல உம்மா" என்றாள். "அவங்க மூடிட்டாங்க."

மிஞ்சியிருப்பது நட்டத்தைத் தாங்கப் போதாது என்றால் தரகு நிறுவனம் தானாகவே எல்லாவற்றையும் மூடிவிடும். லண்டன் திறந்து சற்று நேரத்தில் அது நடந்திருந்தது. திரையில் இரண்டு வரி ஆங்கிலம், மிக மரியாதையான ஆங்கிலம். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வகுப்புக்குத் திரும்பி மீதிப் பாடத்தை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை.

இவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. விசா முடிப்பதற்கு முன்பே சொன்னால்தான் அவர் நிற்பதா வருவதா என்று தீர்மானிக்க முடியும். அவர் ஆறு பேரோடு ஓர் அறையில் இருப்பவர். நேரே கதைத்தால் மற்றவர்கள் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அதனால் குரல்பதிவாக அனுப்பினேன். மூன்று தடவை சொல்லி மூன்று தடவை அழித்துவிட்டு, நான்காவதில் ஒரே மூச்சில் சொன்னேன். நீலக் குறி விழுந்தது. கேட்டுவிட்டார். அன்று அவர் அழைப்பெடுக்கவில்லை. அடுத்த நாள் "சுகம். வேலை கூடிட்டு" என்று எழுதினார். அதற்குப் பிறகும் அப்படியே, இரண்டு சொல், மூன்று சொல். நான் அழைப்பெடுத்தால் துண்டித்துவிட்டு "பிறகு" என்று அனுப்புவார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வருகிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

ராத்தாவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. முதல் தடவையாக அந்த வளவில் என்னிடம் ஓர் இரகசியம் இருந்தது. "எப்ப வாறாராம் உன்ட மனிசன்? வட்டிலப்பம் அவிக்க ஊர்க்கோழி முட்ட சொல்லி வெக்கணும்" என்பார். "சொல்லுவார் ராத்தா." "என்ன கா நீ, புருசன் வாறதுக்கு இப்பிடியா மூஞ்ச வெச்சிரிப்பாங்க? கதவுக்கு பெயின்ட் அடிச்சயா?" நான் பெயின்ட் வாங்கி வந்து அடித்தேன். வரப்போகிறாரா என்று தெரியாத ஒருவருக்காகப் பச்சைப் பெயின்ட்.

மகள் தொலைபேசியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அஸர் தொழுதபின் தனியே கடற்கரைக்குப் போகத் தொடங்கினாள். நான் கொஞ்சம் பின்னால் போவேன். தோணிகள் கரையேறும் நேரம். மீன் வாங்க வந்தவள் போல் கையில் ஒரு பை. ஒருநாள் சட்டெனத் திரும்பி நின்றாள். "கடல்ல பாய மாட்டன் உம்மா. பின்னால வராதீங்க, ஆக்கள் பாக்காங்க." "நான் மீன் வாங்க வந்த" என்றேன். "அப்ப வாங்குங்க. நாலு நாளா வெறும் பையோட திரியிறீங்க." சூடை மீன் கொஞ்சம் வாங்கினேன். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். ஒரே வீட்டில், ஒரே துக்கத்தோடு, இரண்டு பேர் எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அந்த நாட்களில் கண்டேன். அவள் என்னைப் பார்க்க வெட்கப்பட்டாள், நான் அவளைப் பார்க்கப் பயந்தேன். இடையில் எங்கோ தூரத்தில் ஒரு மனிதர் "சுகம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு பின்னேரம், கேற்றில் ஓட்டோ வந்து நின்றது. முதலில் நான் கண்டது பெட்டியைத்தான். பெரிய கறுப்புப் பெட்டி, கயிறு சுற்றி, மேலே வெள்ளை எழுத்தில் இவருடைய பெயர், இவருடைய கையெழுத்தில். "வாப்பா!" என்று கத்திக்கொண்டு மகள் வெறுங்காலோடு ஓடினாள். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஆளைத் தாண்டி ஓட்டோவுக்குள் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒருவரும் இல்லை. அவள் அப்படியே குனிந்தபடி நின்றாள்.

"டீச்சர் வீடு இதானே?" என்றார் பெட்டியை இறக்கியவர். மெலிந்த, நரைத்த மனிதர். "நான் நிந்தவூர். காக்காவும் நானும் ஒரே ரூம்." எங்கள் பக்கத்தில் மூத்தவரைக் காக்கா என்போம், அவர் சொன்னது என் கணவரை. "அவர் வரல்ல டீச்சர். திரும்ப ரெண்டு வருசத்துக்கு சைன் வெச்சிட்டார். நீங்க வொய்ஸ் அனுப்பின அண்டைக்கே மனேஜர்ட காலப் புடிச்சு கடிதத்த திருப்பி எடுத்திட்டார். உங்களுக்குச் சொல்றத்துக்குத்தான் அவருக்கு வாய் வரல்ல."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையில் அடித்த இரண்டாம் பூச்சு கையில் ஒட்டியது.

அவரை உட்காரச் சொன்னேன். பெட்டியைக் காலால் தள்ளி வாசலுக்குள் ஏற்றினார். "பொல்லாத பாரம். எல்லாம் கதவுப் பூட்டும் தண்ணிப் பைப்பும். எயார்போட்டுல ஸ்கேன் பண்ணினவன், என்ன ஊருல ஹார்ட்வெயார் துறக்கிறயா எண்டு கேக்கான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தேநீரை வாங்கிக் குடித்தார். மகள் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீதானே மகள் அந்த ட்ரேடிங் செஞ்ச புள்ள?"

அவள் தலையாட்டினாள். கண்ணை நிலத்திலிருந்து எடுக்கவில்லை.

"உன்ட வாப்பா ஒண்டு சொல்லச் சொன்னார். ஃபோன்ல சொன்னா அழுதிருவாராம், அதான் என்னட்ட சொல்லி உட்ட." கோப்பையை நிலத்தில் வைத்தார். "அவர் இப்ப வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா மூலையில குந்திக்கிட்டு ஃபோன்ல அந்தப் பச்சையும் சிவப்பும்தான் பாத்துக்கிட்டு இரிக்கார். நாங்க எல்லாம் பகிடி பண்ற, கிழவனுக்கு விசர் எண்டு. ஒண்டும் விளங்குதில்லயாம். நாளைக்கு அஸர் தொழுதிட்டு கோல் எடுப்பாராம், நீ ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுக்கோணுமாம்."

மகள் நிமிர்ந்தாள். "வாணாம் எண்டு சொல்லுங்க மாமா" என்றாள். "அதுல காசு வராது. வாப்பாட காசும் போயிரும்."

"காசு போட இல்ல மகள். சும்மாதான் பாக்கார்" என்றார் அவர். "நீ இவ்வளவு நாளா தனிய இருந்து என்னத்தப் பாத்தயெண்டு தனக்கும் தெரியோணுமாம்."